சைலன்ட் மோடின் மணிக்கட்டு

மைசூரில் மைக்கைக் கண்டு மிரள்கிறவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால், நாங்கள் 'சைலன்ட் மோடு' என்று கூப்பிடுகிறவர்தான் அதற்கு ஆயுட்காலத் தலைவர். தலைமையுரை மட்டும் கேட்கக் கூடாது.

எங்கள் ஊதுபத்திக் கம்பெனியில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர். நான் டிஸ்பாட்ச். அவர் தமிழ்நாட்டு எல்லையோர ஹனூர்க்காரர். என்னோடு தனியாக இருந்தால் வாய் மூடாமல் பேசுவார். மூன்றாவது ஆள் வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஓர் ஆயுத பூஜையன்று நன்றி சொல்ல அவரை மேடையேற்றினோம். நடுங்கும் குரலில் "எல்லாருக்கும்" என்றார். அதோடு சரி. இறங்கி நடந்தவரைப் பஸ் ஸ்டாண்டில்தான் பிடித்தோம். கையில் கம்பெனி மைக் இருந்தது.

போன வருடம் அவருடைய அக்காள் மகன் ஒரு கைப்பட்டை வாங்கிக் கொடுத்தான். வாட்ச் மாதிரி இருக்கும், மணி காட்டாது. மணிக்கட்டின் மேல் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும். பதறுகிற இதயம் அந்தத் தட்டலைக் கேட்டு நிதானத்துக்கு வந்துவிடுமாம்.

மத்தியானம் குடோனில் அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினார். பத்தே நாளில் நடுக்கம் போயிற்று. கூடவே இருமல் போயிற்று, ஏற்ற இறக்கம் போயிற்று, கண் இமைப்பதும் ஏறக்குறைய போயிற்று. ஒரு தட்டலுக்கு ஒரு வார்த்தை. வேறு யாரோ அவர் குரலை வாங்கிப் பேசுவதுபோல இருக்கிறது என்று பேக்கிங் பெண்கள் குடோன் பக்கம் சாப்பிட உட்காருவதையே நிறுத்தினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெண்கள் வீடு திரும்பும் கம்பெனி பஸ்ஸை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. பாதிப் பேர் வேலையை விடவேண்டியிருக்கும். பெரிய அதிகாரி பேச வந்தார். எல்லோரும் சைலன்ட் மோடைப் பார்த்தார்கள்.

எழுந்தார். கன்னடத்தில், தாழ்ந்த குரலில், இருட்டிய பிறகு ஹைவேயில் தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்று சொன்னார். ஒரு பெண்ணின் பின்னாலேயே ஊர்ந்து வந்த பைக்கைப் பற்றிச் சொன்னார். பாதியில் கரண்ட் போனது. ஜன்னல் இல்லாத ஹால். குரல் நிற்கவில்லை. என் மூச்சு அவருடைய வார்த்தைகளின் இடைவெளியில் போய் விழுவதை உணர்ந்தேன். பக்கத்து நாற்காலியிலும் அப்படியே. ஹால் முழுக்க ஒரே நெஞ்சாக ஏறி இறங்கியது. எழுந்து ஓடிவிட நினைத்தேன், கால் கேட்கவில்லை.

விளக்கு வந்தபோது அதிகாரி தன் மார்பில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பஸ் ஓடும் என்றார், தூக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

சாயந்திரம் கம்பெனி கேட்டில் சைலன்ட் மோடை மடக்கி, அந்தப் பட்டையைக் காட்டச் சொன்னேன். முழுக்கைச் சட்டையைச் சுருட்டினார். வெறும் கை.

"சார்ஜ்ல போட்டுட்டு வீட்லயே மறந்துட்டனுங்க."

"அப்புறம் எப்படிப் பேசினீங்க?"

"தட்டுறது நிக்கலீங்க. இப்பவும் தட்டுது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். தோல் சில்லென்றிருந்தது. மணிக்கட்டின் மேல்புறம், நாடி பார்க்கிற இடமே அல்ல அது. அங்கே, உள்ளிருந்து, ஏதோ மெதுவாகத் தட்டியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "எனக்கும் பயமாத்தானுங்க இருக்கு" என்றார். குரல் நடுங்கியது. அந்த ஆயுத பூஜை நடுக்கமேதான். அதைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் வந்தது. மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பஸ் ஏறிய பெண்கள், ஐம்பது வயது ஆண்கள் இருவர் கைகோத்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கையை விடவில்லை.