ஒன்றேகால் மூட்டை

அன்புள்ள மைத்துனனுக்கு,

இங்கே நானும் வண்டியும் நலம். அங்கே நீயும், உன் மனைவி மக்களும், பதினொரு நாளாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அக்காவும் நலம் என்றே நம்புகிறேன். உன் அக்காவைப் பற்றி எழுதுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. இது முழுக்க முழுக்க டீசல் சம்பந்தப்பட்ட கடிதம். அவள் பக்கத்தில் இருந்தால் சத்தமாகவே படிக்கலாம்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நம் நர்சரி வாசலில் நின்ற என் பிக்கப் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, இது வண்டி இல்ல, டீசல் குடிக்கிற பூதம். தள்ளிவிட்டுட்டு வேற பாருங்க" என்றாய். பஸ் டிப்போவில் நாற்பது பஸ்ஸைக் கட்டி மேய்க்கிறவன் சொல்லும்போது நான் என்ன பேச முடியும். ஆனால் மனதில் தைத்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக முகம் சுளிக்காமல் மண்ணும் தொட்டியும் சுமந்த வண்டி அது. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு கொடுக்க வைத்துக் காட்டுகிறேன், இல்லையென்றால் விற்றுவிடுகிறேன் என்று உன் அக்காவின் முன்னால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நீயும் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் யோசனைகளை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாய்.

அந்தத் தாளில் இருந்த எதையும் நான் விடவில்லை. நான்கு டயருக்கும் சரியாகக் காற்று அடித்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டியபோது கொட்டிய மண்ணில் ஒரு ரோஜாக் கன்றை நட்டிருக்கலாம். மெதுவாக ஓட்டு என்று எழுதியிருந்தாய், ஓட்டினேன். சைக்கிளில் வந்த தபால்காரர் என்னை முந்திப் போய், தெருமுனையில் காத்திருந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?" என்று விசாரித்தார். டாங்க்கை வாய் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடியும் நிரப்பிப் பார்த்தேன். பத்தரை. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். உன் தாளின் கடைசி வரி என்னைச் சும்மா விடவில்லை. "வண்டியில் தேவையில்லாத எடையைக் குறைக்கவும்." எது எவ்வளவு எடை என்று தெரியாமல் எதைக் குறைப்பது? உர மூட்டை நிறுக்கும் தராசை வாசலுக்கு இழுத்து வந்து ஒவ்வொன்றாக நிறுத்து நோட்டில் எழுதினேன். ஸ்டெப்னி, ஜாக்கி, பின்கதவு, உடைந்த மண்வெட்டி இரண்டு, என்றைக்கோ யாரோ கேட்டுவிட்டு வாங்காமல் போன சிமென்ட் கொக்கு ஒன்று. எல்லாவற்றையும் இறக்கினேன். பிறகு வண்டியில் வழக்கமாக ஏறுவது வேறு என்ன என்று யோசித்தேன். இதில் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. உன் அக்காவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் இதுமேல ஏறி நில்லு" என்றேன். பாவம், எதற்கென்று கேட்காமல் ஏறினாள். தராசு உர மூட்டைக்கென்று வாங்கியது, எனக்கும் மூட்டைக் கணக்குதான் வாயில் வரும். "ஒண்ணேகால் மூட்டை" என்று உரக்கச் சொல்லி நோட்டில் எழுதினேன். குரோட்டன்ஸ் வாங்க வந்திருந்த டீச்சரம்மா தொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்தது அவர், தண்டனை எனக்கு.

உன் அக்கா தராசிலிருந்து இறங்கி, "அப்ப நானும் தேவையில்லாத எடையா?" என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "டெலிவரிக்கு நீ பஸ்ல வந்துடேன், ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தானே போறோம்" என்றேன். அவள் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. பஸ்ஸில்தான் ஏறினாள். இறங்கிய இடம்தான் உன் வீடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா இறங்கியதிலிருந்து வண்டி பன்னிரண்டு அல்ல, பதின்மூன்றே கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது ஏழு. எடையைக் குறைத்தால் டீசல் மிச்சமாகும் என்று எந்த டிப்போவில் சொல்லிக் கொடுத்தார்கள்? டீசல் போடும் இடத்தை மாற்றிப் பார்த்தேன், ஏழுதான். காற்று எதிரே வீசுகிறதோ என்று போன வழியிலேயே திரும்பி வந்து பார்த்தேன், ஏழுதான். போதாக்குறைக்குப் பின்சக்கரத்துப் பக்கம் வைக்கிற கன்றுகள் போய்ச் சேர்வதற்குள் தலை தொங்கிவிடுகின்றன. எங்கே போனாலும் ஏதோ கருகுகிற நாற்றம். ஊரெல்லாம் குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். இதற்கெல்லாம் காரணம் என்ன என்று நீ எழுத்து மூலம் பதில் தர வேண்டும்.

மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டிய மல்லிகைத் தொட்டிகளை டாக்டருக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் இறக்கிவிட்டேன், அவ்வளவுதான். வழி சொல்ல ஆள் இல்லாததால் எந்தச் சந்திலும் இரண்டு தடவை போய்வருகிறேன், அதுவும் ஊரைப் பார்த்த மாதிரி ஆயிற்று. உன் அக்கா அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று சொல். இந்த வாரம் ஏழுக்கு மேல் ஏறாவிட்டால் வண்டியையும் விற்றுவிடுகிறேன். வீடு அமைதியாக இருக்கும்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, தாளில் யோசனை எழுதிக் கொடுக்காத பெரியவர்களாக வளர என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உன் அக்காவுக்கு, அவளாகக் கேட்டால் மட்டும், என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில், வண்டியைப் பார்க்கச் சொல்லியிருந்த மெக்கானிக் வந்தார். பின்சக்கரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். டாஷ்போர்டுக்குக் கீழே, உன் அக்கா உட்காரும் பக்கமாக இருக்கிறதே ஹேண்ட் பிரேக் பிடி, அதைக் காட்டி, "இது தேஞ்சு போச்சு சார். நீங்க விட்டாலும் பாதியிலயே நிக்குது. உள்ள தள்ளிவிடணும். பிரேக்கைப் போட்டுக்கிட்டே ஓட்டியிருக்கீங்க. இத்தனை வருஷமா யாரு சார் இதைத் தள்ளிவிட்டது?" என்று கேட்டார். வண்டி கிளம்பும்போதெல்லாம் அவள் ஒரு தடவை குனிவாள். கைப்பையைக் காலடியில் வைக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாளும் சொன்னதில்லை அவள்.

பத்து நிமிட வேலை, சரிசெய்துவிடட்டுமா என்றார் மெக்கானிக். தொடாதே என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியது எதையும் அவளிடம் படித்துக் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன், வாசலில் இடம் விட்டு வை. நான் சவால் விட்ட பன்னிரண்டு எனக்கு வேண்டாம், ஒன்பதே போதும்.