கம்ப்யூட்டர் அடுக்கிய மரியாதை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். (முன்னுக்குப் பின் ஆனதுதான் கதையே.)

அந்தக் காலத்தில் சங்கரன்கோவிலில் ஒரு டைப் இன்ஸ்டிட்யூட்டில் பெருக்கித் துடைக்கிற வேலை எனக்கு. பேர்தான் பேச்சி. யார் என்ன கேட்டாலும் கூச்சத்தில் தலையை மட்டும் ஆட்டுவேன். பெண் பார்க்க வந்தவர்கள் "பாடத் தெரியுமா?" என்று கேட்டதற்கும் ஆட்டிவைத்தேன். (இன்றுவரை பாடவில்லை.)

மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டு வழக்கம், தாலி கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவர் பேராக மைக்கில் கூப்பிட்டுத் துண்டு போர்த்துவது. முதல் துண்டு தாய்மாமனுக்கு. யாருக்குப் பின் யார் என்று மூன்று நாள் சண்டை போட்டு வீட்டுக்காரர் நோட்டில் எழுதினார். முதல் பேர் மேலநீலிதநல்லூரில் இருக்கும் என் அண்ணன் வேலுச்சாமி. கடைசிப் பேர் பந்தலில் வாழைமரம் கட்ட வரும் ஆறுமுகம்.

இன்ஸ்டிட்யூட்டுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். டீச்சருக்கு என்மேல் பிரியம். "நோட்டைக் கொண்டாங்கக்கா, அழகா அடிச்சுத் தாரேன்" என்று ஒவ்வொரு பேராக ஏற்றினார்.

"பேச்சியக்கா, பேரை வச்சு அடுக்கிரட்டா?"

தலையாட்டினேன்.

ஒரு தட்டுத் தட்டினார். பேரெல்லாம் பஸ்ஸில் இடம்பிடிக்கிற கூட்டம்போல இடம் மாறி உட்கார்ந்தன. ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில், எல்லாம் இங்கிலீஷில் அச்சாகி வந்தது. ஏ, பி, சி வரிசையில் ஆறுமுகம் தலைக்கும் அண்ணன் வாலுக்கும் போனது எனக்கு எப்படித் தெரியும்? சாமி படத்தடியில் வைத்துக் கும்பிட்டேன். வீட்டுக்காரருக்கும் இங்கிலீஷ் வராது; மொத்தம் எத்தனை பேர் என்கிற கணக்கு மட்டும் சரியா என்று பார்த்துவிட்டு, மைக் செட் வெள்ளத்துரையிடம் கொடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று அண்ணன் முதல் வரிசையில், தோளைக் காலியாக வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்.

"மொதத் துண்டு... ஆறுமுகம்!"

ஏணிமேல் இருந்த ஆறுமுகம் அரிவாளோடு இறங்கி ஓடிவந்தார். "நானா? நல்லாப் பாரும்வே!"

"கம்ப்யூட்டர்ல போட்டிருக்குவே, வாரும்!"

அடுத்து ஆவுடையப்பன். அடுத்து செல்லையா. அண்ணன் எழுந்தார். பெண்ணுக்குப் போடவேண்டிய மாமன் மாலை அவர் கையில் இருந்தது.

"ஏட்டி பேச்சி, வாழைமரம் கட்டுதவனுக்குப் பொறவா நான்? இந்த மாலையக் கோமதியம்மனுக்குப் போட்டுட்டு ஊருக்குப் போறேன்!"

வெள்ளத்துரை பதறிப்போய்த் தாளில் விரலை ஓட்டினார். சமாதானம் சொல்கிறேன் என்று மைக்கிலேயே சொன்னார்: "வேலுச்சாமி அண்ணாச்சி பொறுங்க, நீங்க கட்டக் கடைசில இருக்கீய!"

அண்ணன் வாசலுக்கே போய்விட்டார். மாமன் மாலை விழாமல் பெண் மணவறைக்கு வரக்கூடாது. மகள் கதவோரம் நின்று அழுகிறாள்.

"நீதான அடிச்சு வாங்கியாந்த? ஏதாவது சொல்லேன்ட்டி!" என்றார் வீட்டுக்காரர்.

தலையாட்டினேன். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. மைக் பக்கம் போனேன்.

"அண்ணே, போகாத. அது... அது அடியில இருந்து வாசிக்கிற தாளு."

என் குரல் குழாய் வழியாகப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாம்.

அண்ணன் திரும்பினார். "அடியில இருந்தா?"

"ஆமாண்ணே. கம்ப்யூட்டர்ல அப்படித்தான்."

கம்ப்யூட்டரே சொல்லும்போது அவர் என்ன செய்வார்? திரும்பி வந்தார். துண்டு விழுந்தது, மாலையும் விழுந்தது. அடியிலிருந்து இரண்டாவது பேர் வெள்ளத்துரை. தன் பேரைத் தானே மைக்கில் கூப்பிட்டு, தானே போர்த்திக்கொண்டார்.

அதற்கப்புறம் ஆறுமுகம் எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் அந்தத் துண்டோடு முதல் வரிசையில்தான் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு எழுந்தாலும், "அடியில இருந்து வாசிங்கப்பா" என்று யாராவது குரல் கொடுப்பார்கள்.

துண்டின் கரை சிவப்பா பச்சையா, இரண்டாவது ஆவுடையப்பனா செல்லையாவா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்கு வந்திருந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்தினால் நல்லது. அண்ணனிடம் மட்டும் கேட்க வேண்டாம். அது அடியிலிருந்து வாசிக்கிற தாள் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.