மாப்பிள்ளையின் பலகைக்கு ஒரு கீறலும் இல்லை

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் எங்களைவிடச் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. என் இடது முழங்காலும் வலது காதும் மட்டும் அவ்வளவு சௌக்கியமில்லை. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். முதலில் முக்கியமான செய்தி. நீங்கள் எங்கள் பொறுப்பில் விட்டுப்போன, பாய்மரம் மாட்டித் தண்ணீரில் ஓட்டும் அந்த விண்ட்சர்ஃபிங் பலகை பத்திரமாக இருக்கிறது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு மேலே போங்கள். மேலே போகப் போக உங்களுக்கு இது தேவைப்படும்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீங்கள் குறுக்கே ஏதாவது கேட்பீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி கிடையாது. முப்பத்துநான்கு வருடம் வகுப்பில் நின்றவன் நான். பாடம் முடியும்வரை யாரும் கையைத் தூக்காமல் இருந்தால்தான் எனக்குப் பேச்சு ஒழுங்காக வரும்.

மூன்று மாதம் முன்பு வேலை விஷயமாக வெளியூர் புறப்பட்டபோது நீங்கள் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "மாமா, மூணு மாசம் கழிச்சு இருபதாம் தேதி போட்டிக்கு நேரா இங்க வந்து எடுத்துக்கறேன். அதுவரைக்கும் யாரும் தொடாம பாத்துக்குங்க" என்றீர்கள். நானும் சரி என்றேன். ஒரு உதாரணம் சொல்கிறேன். தேர்வு அறையில் ஆசிரியர் நுழைந்ததும் "யாரும் பேசக் கூடாது" என்கிறார். அதைச் சொல்லும்போதே அவர் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்? அவரை யாராவது வெளியே அனுப்புகிறார்களா? காவல் இருப்பவன் அந்த 'யாரும்' என்பதில் சேர்த்தி இல்லை. இப்படித்தான் நான் யோசித்தேன். இந்த உதாரணத்தை உங்கள் அத்தையிடம் சொன்னபோது அவள், "இதை அப்படியே மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்க, நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறேன்" என்றாள்.

ஆமாம், மாப்பிள்ளை. இரண்டு மாதமாக உங்கள் பலகையில்தான் நான் விண்ட்சர்ஃபிங் கற்றுக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதீர்கள். கோபம் வந்தால் முதல் பத்தியின் கடைசிக்குப் போய்வாருங்கள்.

குற்றம் முழுக்க என்னுடையது இல்லை. எட்டடி நீளத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து சோபாவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். ஓய்வுபெற்றவன் காலையில் பேப்பர் படித்து முடித்தால் பத்து மணி. மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரமும் அது என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன். ஒருநாள் மெத்தையைக் கூடத்தில் விரித்து, அதன்மேல் பலகையை வைத்து, சும்மா ஏறி நின்று பார்த்தேன். உங்கள் அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க பண்றீங்க?" என்றாள். "சமநிலை பழகறேன்" என்றேன். "பழகுங்க. விழும்போது டிவி பக்கம் விழாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே ஏரிக்கரை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். அங்கே கற்றுக்கொடுப்பவர் ஒரு அம்மா. நாற்பத்தைந்து வயதிருக்கும், குரல் மட்டும் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதும். எல்லாரும் கோச்சம்மா என்கிறார்கள். அவர் என்னை சார் என்கிறார், நான் அவரை டீச்சர் என்கிறேன். முதல் நாளே நான் எழுந்து நின்று, "டீச்சர், நான் கத்துக்கறது இரண்டாம்பட்சம். பலகைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. மாப்பிள்ளையோடது" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு விளக்கினார். "சார், இதுல முதல்ல அடி வாங்கறது மூக்குதான். நீங்க நிலை தவறி முன்னால சாஞ்சா, பாய்மரம் நேரா பலகையோட மூக்குல போய் மோதும். அதனால விழும்போது கைப்பிடிக் கம்பியை விட்டுடாதீங்க. பிடிச்சுக்கிட்டே விழுங்க. அப்புறம், ஆழம் குறைஞ்சா அடியில மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கற செதில் தரையில தட்டும், அதுக்கு முன்னாடியே இறங்கிடுங்க. கரையில இழுக்காதீங்க, தூக்குங்க. சிமெண்டுத் தரையில வைக்காதீங்க, புல்லுல வைங்க." எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூக்குக்கு மெத்தென்ற உறை ஒன்று விற்கிறார்கள், அதை மாட்டினால் போதும் என்றும் சொன்னார். போதும் என்ற சொல்லை நான் எழுதிக்கொள்ளவில்லை.

அன்றிரவே மூக்கில் என் தலையணையைக் கட்டினேன். மறுநாள் யோசித்துப் பார்த்தேன், மூக்கு மட்டும்தான் உடம்பா? வெயிலில் போகிற பிள்ளைக்குத் தொப்பி மட்டும் போட்டுச் சட்டை போடாமல் அனுப்புவோமா? அதனால் பக்கவாட்டுக்குப் பழைய சோபாவின் பஞ்சு, மேல்பரப்புக்கு உங்கள் அத்தை உடற்பயிற்சி செய்கிற பாய், வால்பகுதிக்கு அவளுடைய தலையணை, இவற்றின்மேல் எங்கள் கட்டிலின் பஞ்சுமெத்தை, அதன்மேல் தண்ணீர் புகாமலிருக்க பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் இறுக்க சைக்கிள் டியூப் பதினோரு சுற்று. சோபாவுக்குப் பின்னால் இருந்தவரை ஒல்லியாக இருந்த பலகை, இப்போது சோபாவைவிடப் பருமன். மூன்றாம் மாடியிலிருந்து அதை இறக்கும்போது படிக்கட்டு விளக்கு உடைந்தது, இரண்டாம் மாடி வீட்டுக்காரரின் பெயர்ப்பலகை விழுந்தது, கீழே கடை வைத்திருக்கும் தையற்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், சோபாவை மாத்தறீங்களா?" என்றார். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுமை வண்டியில் ஏற்றினால் வழியெல்லாம் பள்ளம். வண்டி குலுங்கக் குலுங்கப் பலகை தட்டுப்படுமே என்று அதன் அடியில் நான் படுத்துக்கொண்டேன். வண்டிக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பெரியவரே, வழக்கமா ஆளு மேல, சாமான் கீழ" என்றார். முழங்கால் அப்போது போனதுதான்.

தண்ணீரில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் சேர்ந்து அதை ஏரியில் இறக்கினோம். முதல் பத்து நிமிடம் மிதந்தது. பிறகு பஞ்செல்லாம் தண்ணீரைக் குடித்து, பலகை என் கணுக்கால் ஆழத்தில் நின்றுகொண்டது. நான் ஏறி நின்று, கோச்சம்மா மாட்டிக்கொடுத்த பாய்மரத்தைக் கயிற்றைப் பிடித்துத் தூக்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடிப்பேன். காற்று அடிக்கும். மற்றவர்கள் எல்லாம் சர்ரென்று போவார்கள். நான் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல நின்ற இடத்திலேயே நிற்பேன். ஒரு பெரிய காற்று வந்தால் பாய்மரம் சாயும். கோச்சம்மா கரையிலிருந்து "கம்பியை விடாதீங்க" என்று கத்துவார். நானோ, மூக்குக்கு அடிபடுமோ என்ற பதற்றத்தில், கம்பியை விட்டுவிட்டு முன்னால் பாய்ந்து பாய்மரத்துக்கும் பலகைக்கும் நடுவில் என் தலையைக் கொடுப்பேன். காது அப்படிப் போனதுதான். மூன்றாவது தடவை கோச்சம்மா நீந்தி வந்து, "சார், பலகைக்குத் தலையணை கட்டியிருக்கீங்க. உங்க தலைக்கு என்ன கட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். "தலை என்னுது டீச்சர். பலகை மாப்பிள்ளையோடது" என்றேன்.  அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே மிதந்தார்.

ஆழம் குறைந்தால் இறங்க வேண்டும் என்ற பாடத்தையும் நான் தவறாமல் கடைப்பிடித்தேன். கையில் ஒரு கம்பு வைத்து ஆழம் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் உடனே இறங்கிவிடுவேன். சில சமயம் தண்ணீர் கழுத்துவரை இருக்கும், பரவாயில்லை, செதில் தப்பியது அல்லவா? இதில் மகளுக்கும் உங்களுக்கும் ஒரு விளக்கம் பாக்கி. தினமும் காலை அவள் போன் செய்யும்போது நான் ஏரியில் இருப்பேன். "அப்பா எங்கம்மா?" என்று கேட்பாள். உங்கள் அத்தைக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, அதனால் ஒரே பொய்யை இரண்டு மாதம் சொன்னாள்: "குளிக்கறாரு." தினமும் இரண்டு மணி நேரம் குளிக்கிற அப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டு மகள் ஒரு தோல் மருத்துவரின் நம்பரை அனுப்பினாளே, எனக்குத் தோலில் ஒன்றுமில்லை என்பதை அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அதேபோல, சென்ற வாரம் வீடியோவில் பார்த்தபோது நாங்கள் ஏன் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம் என்று கேட்டீர்கள். மெத்தையும் தலையணைகளும் பலகையில் இருந்தன. "ஊர்ல எல்லாரும் மெத்தையில படுத்து, பலகையை ஏரிக்குக் கொண்டுபோறாங்க. எங்க வீட்ல மெத்தையை ஏரிக்கு அனுப்பிட்டுப் பலகையில படுக்கறோம்" என்று உங்கள் அத்தை தையற்காரரின் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை மாடி மாடியாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படியாக இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மதிப்பெண் போட வேண்டுமென்றால், பலகையைக் காப்பதில் எனக்கு நூற்றுக்கு நூறு. ஓட்டுவதில் முட்டை. உண்மையைச் சொன்னால் பத்தடி தூரம்கூட நான் இன்னும் போகவில்லை. அதைப் பற்றி வருத்தம் இல்லை என்று எழுதலாம்தான். ஆனால் கரையில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பலமுறை தோன்றியது. கேட்டால் தொட்டது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை. வகுப்பில் தெரியாததைக் கேட்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! இந்த வயதில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

நாளை கடைசியாக ஒருமுறை ஏரிக்குப் போய், உறையைப் பிரித்து, பலகையைத் துடைத்து, சோபாவுக்குப் பின்னால் இருந்தபடியே வைத்துவிடுவேன். அதன்பின் தொட மாட்டேன். இது சத்தியம். தயவுசெய்து மகளிடம் நீங்களாக எதையும் சொல்லாமல், அவள் கேட்டால் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். போட்டியில் நீங்கள் வெற்றி பெற வேண்டும். எங்கள் இருவரின் ஆசியும் உங்கள் இருவருக்கும் எப்போதும் உண்டு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த தண்ணீர் குடிக்காதீர்கள், படுக்கும்முன் காஸை மூடிவிட்டுப் படுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: எழுத்து மாறியிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பேனா இரவல், கை ஈரம். இன்று காலை ஏரி வாசலில் இருக்கும் தபால் பெட்டியில் போடலாம் என்று கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மிதவை அங்கியின் பையில் வைத்திருந்தேன். போடுவதற்கு முன் கோச்சம்மா கத்தரிக்கோலோடு வந்து டியூபையெல்லாம் வெட்டினார். உறை பிரிந்தது. மாப்பிள்ளை, கீறல் இல்லை என்று நான் எழுதியது சரிதான். ஆனால் மேல்பரப்பு முழுக்கக் கொப்புளம். சின்னது, பெரியது, ஒன்று என் உள்ளங்கை அகலம். இரண்டு மாதமாக ஈரப் பஞ்சைச் சுற்றியபடியே அதைப் பால்கனி வெயிலில் வைத்திருக்கிறேன், உள்ளே வெந்துபோய் மேல்தோல் எழும்பிவிட்டதாம். "சார், சும்மா விட்டிருந்தா நாலு கீறல் விழுந்திருக்கும், அவ்வளவுதான். இது நீங்க காப்பாத்தினதால வந்தது" என்றார் கோச்சம்மா. நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்திருந்த உங்கள் அத்தை தன் தலையணையை எடுத்துப் பிழிந்தாள். 

கொஞ்ச நேரம் கழித்துக் கோச்சம்மா, "சரி சார், இனிமே பயப்பட இதுல என்ன மிச்சமிருக்கு? ஏறுங்க" என்றார். ஏறினேன். மாப்பிள்ளை, பலகை இவ்வளவு லேசானது என்று நீங்கள் ஏன் சொல்லவே இல்லை? கயிற்றை இழுத்ததும் பாய் எழுந்தது, கம்பியைப் பிடித்ததும் காலுக்குக் கீழே ஏதோ உயிர் வந்ததுபோல ஒரு துள்ளல், அவ்வளவுதான், போய்க்கொண்டே இருக்கிறேன்! தண்ணீர் இரண்டு பக்கமும் சலசலவென்று பிரிகிறது. மூக்கு, வால், செதில் எதுவும் நினைவில்லை. பின்னால் கோச்சம்மா கத்துகிறார், உங்கள் அத்தை கத்துகிறாள், நான் பாடிக்கொண்டே போகிறேன். ஏரி முழுவதையும் கடந்துவிட்டேன். எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பத்தடி போகாதவனுக்கு அந்தப் பாடம் எதற்கு என்று கோச்சம்மா நினைத்திருப்பார். படகுத்துறையின் மரத்தூண் நிறுத்தியது. ஆகவே மூக்கும் போய்விட்டது. பலகையின் மூக்கு. கம்பியை மட்டும் கடைசிவரை விடவில்லை.

இதை எதிர்க்கரைப் படகு அலுவலகத்தின் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். குமாஸ்தா துண்டு கொடுத்திருக்கிறார். போட்டிக்குத் தன் பலகையை உங்களுக்குத் தருவதாகக் கோச்சம்மா இப்போது இந்த அலுவலகப் போனில் சொன்னார். மகளுக்கு விஷயத்தை உங்கள் அத்தையே சொல்லிவிட்டாளாம், அதனால் நீங்கள் சிரமப்பட வேண்டாம். அக்கரையில் உங்கள் அத்தை நின்று கையை ஆட்டுவது இங்கிருந்து தெரிகிறது. சந்தோஷமா கோபமா என்பது இவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. காற்று இன்னும் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கிறது. காற்றுக்கு எதிராகத் திரும்பி வருவது எப்படி, மாப்பிள்ளை? இருபதாம் தேதிவரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னாலேயே புறப்பட்டு வாருங்கள்.