புல் அப்! புல் அப்!

"புல் அப்! புல் அப்!"

பல் டாக்டரின் அறைக்குள் ஒரு பெண் குரல் அலறியது. பின்னாலேயே டமால் என்று ஒரு சத்தம்.

வெளியே கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் எழுந்தார். "எனக்கு வலி விட்டுப்போச்சும்மா" என்று வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் சொன்னவர், லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியிறங்கினார்.

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். நோயாளி நாற்காலி காலி. டாக்டர் கம்ப்யூட்டர் முன்னால், விமானம் ஓட்டும் கேமில், ஜாய்ஸ்டிக்கும் கையுமாக, திரையில் எரியும் விமானத்தை வெறித்துக்கொண்டிருந்தார்.

"சார், இன்னொருத்தர் ஓடிட்டார். மேடம் சொன்னது ஞாபகம் இருக்கா?"

நன்றாகவே இருந்தது. மேடம் அவர் மனைவி. அதே கிளினிக்கில் மதியம் பல் பார்ப்பவள். 'இன்னிக்கு நான் வரும்போது நாற்காலியில பேஷண்ட் இல்லேன்னா, உங்க பிளேன் குப்பைத்தொட்டியிலதான் இறங்கும்' என்று காலையில் சொல்லியிருந்தாள்.

"தப்பு என் மேல இல்லம்மா. ஸ்டிக் லூஸ். நல்லதா ஒண்ணு வந்துட்டா பிளேன் விழாது. பிளேன் விழலேன்னா அவ கத்த மாட்டா."

"யாரு, மேடமா?"

"பிளேன்ல இருக்கறவ! விழப்போகுது, மேலே தூக்குன்னு இங்கிலீஷ்ல கத்தறாளே, அவ!"

உடனே கடைக்குப் போன் போட்டார். அறைக்கும் வெளியே காத்திருந்தவர்களுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான்.

"ரொம்ப ஆடுதுங்க. அடியோட ஆடுது... பிளாஸ்டிக் வேண்டாம், மெட்டல்லயே போட்டுடுங்க."

வெளியே ஒரு கல்லூரி மாணவி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"இழுக்கும்போது கைக்கு எதிர்ப்புத் தெரியணும். லேசா வந்துட்டா என்னங்க சுகம்?"

மாணவி போய்விட்டாள்.

"முறுக்கவும் வரணும். வலது கையால முறுக்கிக்கிட்டே இடது கையால த்ராட்டில் கைப்பிடியைத் தள்ளணும். ரெண்டுமே உடனே வேணும்."

"நான் நாளைக்கு வரேன்" என்று எழுந்தார் அங்கே காத்திருந்த ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர்.

"நாளைக்கும் இவர்தான் சார்" என்றாள் வரவேற்புப் பெண், உண்மை பேசிப் பழகியவள்.

"அப்ப அடுத்த வாரம்."

புதுசு வரும்வரை இருப்பதையாவது இறுக்கலாம் என்று டாக்டர் திருப்புளியை எடுத்தார். படக்!

"ஐயய்யோ, பாதியோட உடைஞ்சிருச்சே!"

மிச்சமிருந்தவர்களும் கிளம்ப, அவர்களைக் கெஞ்சிக் கூட்டிவர வரவேற்புப் பெண்ணும் பின்னாலேயே ஓடினாள்.

மனைவி வரும் நேரம். டாக்டர் கதவைத் திறந்தார். தெய்வாதீனமாக ஒரே ஒருவர், மடியில் பையுடன் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க!" கையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் சாய்த்தார்.

"சார், நான் வந்து..."

"பேசாதீங்க. வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம்." இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார்.

"ம்ம்! ம்ம்ம்!"

"புரியுது, கடைவாய்தானே? அந்தப் பையைக் கீழதான் வைங்களேன்."

அவர் தலையைப் பலமாக ஆட்டி, பையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். பயந்த சுபாவம் என்று நினைத்த டாக்டர், மிகுந்த பரிவோடு பல்லைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்.

மனைவி உள்ளே வந்தாள். நாற்காலியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே! நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்" என்றவள், குனிந்து பஞ்சை மெதுவாக எடுத்தாள். "இப்ப வலி எப்படிங்க இருக்கு?"

"வலியே இல்லீங்க மேடம். ஜாய்ஸ்டிக் கடையிலேர்ந்து வரேன், இதை யார்கிட்ட குடுக்கணும்?"