மாலை மாட்டிய லீவர்

அந்தக் காலத்தில் எனக்கு வாய் நீளம். ஹார்பரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்கும் கப்பலுக்கும் நடுவே, ஆள் நடக்கிற வேகத்தில் மூட்டை தூக்கிப் போகிற வண்டி அது. அதை வைத்துக்கொண்டு, இமயமலையில் லாரி ஓட்டியவன் மாதிரி ராயபுரம் முழுக்க அளந்துகொண்டு திரிந்தேன். (கல்யாணம் ஆகாத பையன். பெருமையடிக்க வேறு எதுவும் இல்லை.)

ஒருநாள் காலையில் அந்தோணி மாமா இறந்த செய்தி வந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் செத்த பிறகு அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்துகொண்டிருந்தார். ராத்திரி நெஞ்சுவலி, சாயங்காலமே அடக்கம் என்று அங்கிருந்து மீன் கொண்டுவந்தவர் சொன்னார்.

அம்மா அழவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"பொட்டி மூடறதுக்குள்ள ஒருவாட்டி மூஞ்சி பாத்துடணும்டா. நெத்தியில ஒரு முத்தம் குடுத்தா போதும். எண்ணூருக்கு பஸ்ஸு, அப்பால தோணி. மதியத்துக்கு போய்டலாம்."

"பஸ்ஸா? நான் எதுக்கு கீறேன்?" என்றேன்.

என் தோஸ்து காதர் மெக்கானிக். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று அவனிடம் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு, "மாமு, மணல் வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்தான்.

"தெரியும், தெரியும். எனக்கே சொல்றியா?" என்று கிளப்பிவிட்டேன்.

அம்மா மடியில் மாமாவுக்கு வாங்கிய ரோஜா மாலை. குலுக்கலில் கசங்கிவிடும் என்று வாங்கி, கியருக்குப் பக்கத்தில் சும்மா நின்ற சின்ன லீவரில் மாட்டினேன். அந்த லீவர் எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரியாத லீவரைத் தொடக் கூடாது என்பது ஹார்பர் சட்டம். அதை மீறிய ஒருவர் தன் கால் கட்டைவிரல் மேலேயே சிமெண்ட் மூட்டைகளை இறக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒழுக்கமாக இருந்தேன்.

தோணியில் ஜீப் ஏறாது என்பதால் மீஞ்சூர் சுற்றிப் போய், சவுக்குக்காட்டுக்குள் ஜீப்பை விட்டேன். ஒரு காலத்தில் வெட்டிய சவுக்கை வண்டி வண்டியாகக் கால்வாய்ப் படகுகளுக்குக் கொண்டுபோன ரோடு அது. வெட்டு நின்று வருஷக்கணக்காகிவிட்டது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நடு ரோட்டிலேயே கன்றுகள் முளைத்திருந்தன. ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து அடிக்கட்டைகளைத் தாண்டினேன். "பாத்தியாம்மா?" என்று திரும்பிச் சிரித்தபோது முன்சக்கரம் மணலில் இறங்கியது.

ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரமும் இறங்கியது. மறுபடி மிதித்தேன். ஜீப் கிணறு வெட்ட ஆரம்பித்தது.

கையால் மணல் தோண்டினேன். சவுக்குக் கிளைகளை ஒடித்துச் சக்கரத்துக்கு அடியில் போட்டேன். மாற்றிக் கட்டிய புடவையோடு அம்மா பின்னாலிருந்து தள்ளினாள். அவள் முகமெல்லாம் மணல்.

"டேய் நைனா, நடந்தே பூடலாம்டா. இப்ப நடந்தாகூட பாத்துடலாம்."

"இரும்மா, இதோ வந்துடும்" என்றேன். அவள் கேட்கும்போதெல்லாம் அதையேதான் சொன்னேன். நடந்து போய் நின்றால் ஹார்பர் டிரைவர் மானம் என்ன ஆவது!

வெயில் சாய்ந்தபோது தூரத்தில் மாதா கோயில் மணி கேட்டது. விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக அடித்தது. பெட்டியை மூடித் தூக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அம்மா தள்ளுவதை நிறுத்தினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, குழியில் போடுவதைப் போல, மணிச்சத்தம் வந்த பக்கமாகப் போட்டாள். "போய்ட்டு வாடா, தம்பி" என்றாள். அப்போதுதான் அழுதாள். எனக்கு அவளை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் இல்லை.

மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது மேடு கட்டி முடித்திருந்தார்கள். அம்மா மாலையை அந்த மண்ணின்மேல் போட்டாள்.

மறுநாள் காதரைக் கூட்டிப் போனேன். ஏறி உட்கார்ந்தவன் அந்தச் சின்ன லீவரை இழுத்தான். ஜீப் ஒரு முனகல் முனகிவிட்டு மேலே வந்துவிட்டது.

"இத்தப் போட்டா நாலு சக்கரமும் இஸ்துகினு வரும்னு சொல்ல வந்தேன். நீதான் தெரியும் தெரியும்னுட்டு பூட்டியே!"

"நான் அதுல மாலை மாட்டியிருந்தேன்டா."

காதருக்குச் சிரிப்பு முட்டியது. துக்க வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாமாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வந்த சொந்தக்காரர்களிடம் அவளே இதை நடித்துக் காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அதற்காகத்தான் அவள் முந்திக்கொண்டு சொன்னாள் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அன்றுமுதல் எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், "லீவரு போட்டியா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

அம்மா போனபோது, சவவண்டியில் ஏறப் போன என்னிடம் தங்கை மேரி மாலையை நீட்டினாள். அழுது வீங்கிய முகத்தோடு, "எதுலயும் மாட்டிடாத. கைலயே வெச்சிக்கினு வாண்ணா" என்றாள். வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று பின்னால் ஏறி, பெட்டியருகே உட்கார்ந்தேன். கல்லறை போய்ச் சேரும்வரை மூட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். மாலையைக் கையில் பிடித்தபடி, வழி நெடுக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.