மூன்று கிணறும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கிலம் அறவே தெரியாதவர்களால் ஊருக்கு ஒரு கெடுதலும் வருவதில்லை. ஆங்கிலப் பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கித் திறமைச் சித்தி எடுத்தவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் எடுத்தவள்.

அறுபதுகளின் தொடக்கம். புங்குடுதீவு மடத்துவெளியில் இருந்தோம். எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உவர். குடிக்கிற தண்ணீருக்குப் பெண்கள் குடத்தோடு அரை ஊர் நடக்க வேண்டும். கிராமச் சங்கம் கேட்டுக் கேட்டுக் களைத்த பிறகு, கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் இடம் பார்க்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. வழக்கமாக மொழிபெயர்க்கும் தலைமை ஆசிரியர் அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்துவிட்டார். சங்க உறுப்பினரான என் தகப்பனார், "என்ரை பிள்ளை சொல்லுவாள்" என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் ஆங்கிலத்தை வாசித்திருந்தேன், எழுதியிருந்தேன். ஒரு மனிதர் அதைப் பேசிக் கேட்டதில்லை. (எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தையும் தமிழில்தான் படிப்பித்தார்கள்.)

வாசிகசாலையில் ஊரே திரண்டிருந்தது. எஞ்சினியர் இத்தனை சனத்தை எதிர்பார்க்கவில்லை. கதிரையில் இருந்தபடியே எல்லோரையும் பார்த்து வியந்து, "வெல், வெல், வெல்" என்றார்.

வெல் என்றால் கிணறு. மனிதர் வந்திருப்பதும் கிணற்று விசயமாக. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நான் சனத்தின் பக்கம் திரும்பி, "மூண்டு கிணறாம்" என்றேன்.

ஒரு கிணற்றுக்கே நம்பிக்கையில்லாமல் வந்த சனம். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. முன்னால் நின்ற சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன்னைத்தான் இப்படி வரவேற்கிறார்கள் என்று நினைத்த எஞ்சினியர் எழுந்து கும்பிட்டார்.

அதன் பிறகு அவர் வாயில் அந்தச் சொல்லைத் தவிர வேறொன்றும் வரவில்லை. யோசித்தால் வெல், பேச்சை மாற்றினால் வெல், தலையாட்டினால் வெரி வெல். நானும் சளைக்காமல் கிணறு தோண்டிக்கொண்டே போனேன். 'வெரி வெல்' வந்தபோது "பெரிய கிணறு" என்றேன். அதற்குள் கோயிலடிக்காரரும் கடற்கரைக்காரரும் எந்தக் கிணறு யாருக்கு என்று ஒருவரை ஒருவர் முறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் தம்பி சின்னத்துரை அம்மான் வந்து சேர்ந்தார். வெயிலில் ஓடிவந்ததில் வேர்த்து ஒழுகியது. மூச்சு இரைக்க இருமினார். எஞ்சினியர் அவரைப் பார்த்து இரக்கத்தோடு, "ஆர் யூ வெல்?" என்று கேட்டார்.

"அம்மான், உங்களிட்டைக் கிணறு இருக்கோ எண்டு கேக்கிறார்."

அம்மானின் வளவில் தோட்டத்துக்கு இறைக்கிற கிணறு ஒன்று இருந்தது. உண்டென்று சொன்னால் புதுக்கிணறு தன் பக்கம் வராது என்று அவர் ஒரு கணத்தில் கணக்குப் போட்டுவிட்டார்.

"இல்லையெண்டு சொல்லு, பிள்ளை."

படித்த இலக்கணமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை, "நோ வெல், சேர்" என்றேன். எவ்வளவு காலமாக என்று எஞ்சினியர் கவலையோடு விசாரித்தார். அதையும் அம்மானிடம் கேட்டேன்.

"நான் பிறந்த நாளிலையிருந்து இல்லை. என்ரை தேப்பனுக்கும் இல்லை."

பரம்பரை பரம்பரையாக இல்லை என்று மொழிபெயர்த்தேன். எஞ்சினியர் பதறிப்போனார். அம்மானின் தோளை அணைத்துக் கூட்டிப்போய் ஜீப்பில் ஏற்றினார். சாரதியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எங்கே போகிறார்கள் என்று தகப்பனார் கேட்டார். கிணற்றுக்குக் கையெழுத்து வைக்கத்தான் என்றேன். அம்மான் ஜீப்பிலிருந்து ஊரைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் பஸ்ஸில் திரும்பி வந்தார். இறங்கியவரால் நிமிர்ந்து நிற்க ஏலவில்லை. ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆசுப்பத்திரி ஒன்றில் அவரை வார்டில் போட்டு, ஊசி ஏற்றி, பேதிக்கும் கொடுத்திருக்கிறார்கள். என்ன செய்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் அவர் "கிணறு" என்றே சொன்னதால், மூளையிலும் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். தனியே விடப் பயந்து, மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒருவர் கூடவே வந்தார். கரம்பொன்னைச் சேர்ந்த இளம் ஆள். வரும் வழியில் அம்மானைக் கேட்டுக் கேட்டு, நடந்ததை ஊகித்திருந்தார்.

"வெல் எண்டதெல்லாம் கிணறெண்டோ சொன்னனீர்?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்."

"முதல் மூண்டு தரம் சொன்னவரோ?"

"ஓம்."

மனிதர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குள் கோயிலடியில் கிணற்றுக்கு இடம் குறித்து, கற்பூரமும் கொளுத்தியாகிவிட்டது. என் தகப்பனார் ஒரு கிழமை சந்தைப் பக்கம் போகவில்லை. அம்மான் ஒரு வருடம் எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. கிணறு வந்தது, பிறகு, ஒன்றே ஒன்று. அதுவும் உவர்.

அடுத்த தையில் கரம்பொன்னிலிருந்து கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை அந்த அப்போதிக்கரி. நான் மாட்டேன் என்றேன். கதை நெடுந்தீவு வரை போய்விட்டது, இனி வேறு ஒருவரும் வரமாட்டார்கள் என்றார் தகப்பனார். கட்டிக்கொண்டேன்.

இப்போது பேரப்பிள்ளைகள் கனடாவிலிருந்து சுகம் விசாரிப்பதெல்லாம் ஆங்கிலத்தில்தான். தொலைபேசி அடித்தால் போதும், அவர் எங்கே இருந்தாலும் பக்கத்தில் வந்து நின்று, "யோசிச்சு மறுமொழி சொல்லும்" என்பார். இத்தனை வருடமாக இதே பகிடி. அவருக்கு அலுக்கவில்லை. எதற்கு வம்பு என்று நான் 'ஃபைன்' என்று மட்டும் சொல்லிவந்தேன். அந்தச் சொல்லுக்குத் தண்டப்பணம் என்றும் ஓர் அர்த்தம் இருக்கிறதாம். போன கிழமை பேரன் சொன்னான்.