பொறுப்பேற்புத் துறையும் இல்லாத பாலமும்

இந்தப் பூமியில் பொறுப்பு என்ற சொல்லை அதன் தகுதிக்கேற்ப மதித்த இடம் ஒன்று உண்டென்றால், அது கலிஃபோர்னியாவில் நொரெல்லோ மேப்ஸ் நிறுவனத்தின் நான்காவது மாடிதான். மற்ற கம்பெனிகளில் தப்பு நடந்தால் யாரோ ஒரு மேனேஜர் வந்து இரண்டு வரி வருத்தம் தெரிவிப்பார், அதோடு சரி. நொரெல்லோவில் அதற்கென்று ஒரு துறையே இருந்தது. பொறுப்பேற்புத் துறை. நூற்று நாற்பது பேர், தனி லிஃப்ட், தியானம் செய்ய ஓர் அறை, மனம் வருந்த ஓர் அறை. வருந்தும் அறைக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

துறையின் துணைத்தலைவர் கர்ட்டிஸ் ஹாலோரன். அதற்கு முன் ஒரு விமானக் கம்பெனியில் தாமத அறிவிப்புகள் எழுதிக்கொண்டிருந்தவர். அவர் எழுதியதைக் கேட்டால், விமானம் தாமதமானதற்குத் தாங்கள்தான் காரணமோ என்று பயணிகளுக்கே சந்தேகம் வந்துவிடும். அப்படிப்பட்ட கைதேர்ந்தவரை விட்டுவிடக் கூடாது என்று நொரெல்லோ கொத்திக்கொண்டு வந்தது. பதினோரு வருடத்தில் அவர் நானூறு 'மனமார்ந்த வருத்தங்கள்' தயாரித்திருந்தார். அவற்றில் ஒன்றில்கூட யார் என்ன செய்தார் என்ற அற்ப விவரம் நுழைந்ததில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் துறைக்குப் பயிற்சி வகுப்பு. பெரிய திரையில் உலகத் தலைவர்களின் பத்திரிகையாளர் சந்திப்புகளைப் போட்டுப் பார்ப்பார்கள். ஒரு நாட்டின் குண்டு இன்னொரு நாட்டின் ஆஸ்பத்திரி மேல் விழுந்திருக்கும். மந்திரி வந்து, "துயரமான ஒரு நிகழ்வு நடந்திருப்பதாக அறிகிறோம், விசாரணை நடைபெறும்" என்பார். குண்டு தானாகவே பிறந்து, தானாகவே பறந்து, மனம்போன இடத்தில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். கர்ட்டிஸ் அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, மறுபடி ஓடவிட்டு, இது அல்லவோ தொழில் என்று தலையை ஆட்டுவார். விசாரணையின் முடிவு என்ன ஆனது என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அது பாடத்திட்டத்தில் இல்லை.

நிறுவனத்துக்கு ஒரு சட்டம் உண்டு. மேப்பில் உள்ள எந்தச் சாலையானாலும், கடையானாலும், பாலமானாலும், அதைக் கடைசியாகத் தொட்டவரே அதன் 'உரிமையாளர்'. அவர் பெயர் அதனோடு ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு ஏதாவது ஏடாகூடம் ஆனால் கேள்வி நேரே அவரிடம் போகும். பொறுப்பை நிலைநாட்டத்தான் இந்த ஏற்பாடு. ஊழியர்கள் படித்தவர்கள், புத்திசாலிகள். ஆறே மாதத்தில் பாடம் கற்றுக்கொண்டார்கள். புதிதாக எதையாவது சேர்த்தால் கைதட்டல், பழையதைத் திருத்தினால் விசாரணை. ஆகவே யாரும் எதையும் தொடுவதில்லை.

வடக்கே மலைப்பக்கம் டாலிவர் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓடைமேல் இருந்த பாலத்தை ஒன்பது வருடத்துக்கு முன் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஓடையிலிருந்துதான் போனதே தவிர, நொரெல்லோ மேப்பிலிருந்து போகவில்லை. அங்கே அது வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சாமல் நின்றது. அதைக் கடைசியாகத் தொட்டவர் வேலையை விட்டுப் போய் ஆரிகனில் ஆடு வளர்த்துக்கொண்டிருந்தார். சாலையில் ஒரு தடுப்பு வைக்க வேண்டியது மாவட்டமா மாநிலமா என்று இரு அலுவலகங்களும் ஒன்பது வருடமாக மிகுந்த மரியாதையோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தன.

போன நவம்பரில் ஒரு காலை, கண் தெரியாத மூடுபனியில், லியான் ட்ருஜில்லோ என்ற ஃப்ரிட்ஜ் மெக்கானிக் தன் வேனில் அந்த வழியாக ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனார். பக்கத்து ஊர்க்காரர், டாலிவருக்குப் புதியவர். நேராகப் போகச் சொன்னது போன். நேராகப் போனார். அவருக்கு வயது முப்பத்து நான்கு.

அவருடைய அக்கா வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நொரெல்லோவுக்கு முப்பத்தொரு கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும், 'உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்' என்று பதில் வந்தது. கடைசியில் ஏப்ரலில், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி நான்காவது மாடிக்கே வந்து நின்றார். கர்ட்டிஸ் அவரை வருந்தும் அறையில் உட்காரவைத்தார். மூலிகைத் தேநீர் வந்தது. அறை விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கச் சொன்னார்.

"உங்க வலிய நாங்க உணர்றோம் மேடம்," என்றார்.

"அது இருக்கட்டும் சார். பாலத்த மேப்பில இருந்து எடுத்துடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

நிறுவனம் இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருப்பதாக கர்ட்டிஸ் விளக்கினார். ஒரு குழு போடப்பட்டிருப்பதையும், அந்தக் குழுவைக் கண்காணிக்க ஒரு குழு போடப்பட்டிருப்பதையும், இரண்டாவது குழுவில் ஒரு பாதிரியாரும் இருப்பதையும் சொன்னார். வெர்னா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நஷ்டஈடு பேச வந்திருப்பார் என்று நினைத்து வக்கீல்கள் பக்கத்து அறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் சார். திரும்ப நவம்பர் வரும், பனி வரும். நான் லீவு போட்டா என் பஸ்ஸ வேற ஆள்தான் ஓட்டுவாங்க. அவங்களுக்கு வழி தெரியாது. உங்க மேப்பத்தான் பாப்பாங்க. பின்னாடி நாப்பது பிள்ளைங்க இருக்கும்."

கர்ட்டிஸ் கல்நெஞ்சக்காரர் அல்ல. வெர்னா போனதும் ஹாங் என்ற இன்ஜினியரைக் கூப்பிட்டு, ஒரு பாலத்தை எடுக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"நாலு செகண்ட்," என்றான் ஹாங்.

"அப்ப எடுத்துடேன்."

ஹாங் அவர் மேஜைமேல் இருந்த லாப்டாப்பைக் காட்டினான். "உங்களுக்கும் அதுக்கு அனுமதி இருக்கு சார். உங்க லாப்டாப்லயே பண்ணலாம். நீங்க எடுங்களேன்."

கர்ட்டிஸுக்கு அந்த வசந்தத்தில் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. வக்கீல்களிடம் யோசனை கேட்டார். வக்கீல்கள் பதறிவிட்டார்கள். இன்றைக்கு எடுத்தால் நேற்றுவரை அது தப்பாக இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், எடுக்காமலே இருந்தால் அது 'ஆய்வில் உள்ளது' என்றார்கள். செத்த பாலம் சட்டப்படி உயிரோடு இருப்பதே எல்லோருக்கும் நல்லது என்று முடிவாயிற்று. பதவி உயர்வும் வந்தது. கர்ட்டிஸ் முதுநிலைத் துணைத்தலைவரானார்.

ஆனால் ஒரு பத்திரிகை விஷயத்தை எழுதிவிட்டது. செப்டம்பரில் வாஷிங்டனில் செனட் கமிட்டி நொரெல்லோவின் தலைமை அதிகாரி பியர்ஸ் ஆல்டனை விசாரணைக்கு அழைத்தது. பொறுப்பேற்புத் துறை அதற்காக ஆறு வாரம் உழைத்தது. எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே கண்ணாடியைக் கழற்ற வேண்டும், எந்தச் சொல்லில் தொண்டை கரகரக்க வேண்டும் என்று கர்ட்டிஸ் தன் கையாலேயே குறித்துக் கொடுத்தார். பியர்ஸுக்குக் கண்ணாடி கிடையாது. ஒன்று வாங்கினார்கள்.

செனட்டர்கள் சிங்கமாகக் கர்ஜித்தார்கள். ஒருவர் மேஜையைக் குத்தினார். இன்னொருவர் தன் நாயின் படம் போனில் திறக்கவில்லை, அதற்கு யார் பதில் சொல்வது என்று முழங்கினார். நொரெல்லோ போனே செய்வதில்லை என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. எல்லாம் அடங்கியபின் பியர்ஸ் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கு முழுப் பொறுப்பையும் நான் ஏத்துக்கறேன்," என்றார்.

அரங்கம் உருகிவிட்டது. மேஜையைக் குத்திய செனட்டரே எழுந்து கைகொடுத்தார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று டிவிக்காரர்கள் வியந்தார்கள். பொறுப்பேற்றதற்கு அடையாளமாக, மறுநாள் காலையே பியர்ஸ் புகார்ப் பிரிவில் இருந்த இருநூறு பேரை வேலையை விட்டு நீக்கினார். அதன்பின் புகார்களின் எண்ணிக்கை அடியோடு குறைந்தது. படிப்பதற்கு ஆளில்லை.

அன்று விசாரணை முடிந்து வெளியே வந்த கர்ட்டிஸை நடைவழியில் வெர்னா பிடித்துக்கொண்டார். ஊரார் சேர்ந்து அவரைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பியிருந்தார்கள். தம்பியின் கோட்டைப் போட்டிருந்தார், தோள் தொளதொளவென்று இருந்தது.

"பொறுப்ப ஏத்துக்கிட்டாருன்னு எல்லாரும் கைதட்டினாங்களே சார். ஏத்துக்கிட்டு எங்க வெச்சிருக்காரு? பாலம் இன்னும் அங்கதான் இருக்கு. இப்பகூடப் போன்ல பாத்தேன்."

இப்படிப்பட்ட விஷயங்களுக்குக் காலம் பிடிக்கும் என்றார் கர்ட்டிஸ். அது எவ்வளவு காலம் என்று வெர்னா கேட்டார். கர்ட்டிஸின் வாய் நாலு செகண்ட் என்று சொல்லப் பார்த்தது. பதினோரு வருடப் பயிற்சி கைகொடுத்தது. "உரிய நேரத்தில்" என்று முடித்தார்.

வெர்னா ஊர் திரும்பி, அக்டோபர் கடைசியில் ஒரு காரியம் செய்தார். தம்பியின் பட்டறையில் பழுது பார்க்கப்படாமல் கிடந்த ஒன்பது ஃப்ரிட்ஜுகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய், ஓடைக்கு நூறு அடி முன்னால் சாலைக்குக் குறுக்கே வரிசையாக நிறுத்தி, உள்ளே கல்லை நிரப்பி, மஞ்சள் பெயின்ட் அடித்து, கதவுகளின் குறுக்கே 'பாலம் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்தார். இரண்டு வாரத்தில் ஏழு வண்டிகள் அங்கே வந்து நின்று, திட்டிக்கொண்டே திரும்பிப் போயின. ஏழு வண்டியில் வந்தவர்களும் அன்று இரவு அவரவர் வீட்டில் சாப்பிட்டார்கள்.

இங்கேதான் அரசு எந்திரத்தின் வேகத்தை நாம் மெச்ச வேண்டும். ஒன்பது வருடம் தடுப்பு வைக்க முடியாத மாவட்ட நிர்வாகம், தடுப்பை எடுக்க, புகார் வந்த மூன்றே நாளில் கிரேனோடு வந்துவிட்டது. ஃப்ரிட்ஜுகள் 'சாட்சியப் பொருள்' ஆகி நீதிமன்றத்தின் பின்முற்றத்துக்குப் போயின. பொதுச்சாலையை மறித்ததாக வெர்னா மீது வழக்கு. அது திறந்திருக்கும் சாலைதான் என்று நிரூபிக்க மாவட்டத்துக்கு ஓர் ஆதாரம் வேண்டியிருந்தது. நொரெல்லோ மேப்பைக் கொண்டுவந்தார்கள். அதற்குச் சான்று சொல்ல நிறுவனம் கர்ட்டிஸை அனுப்பியது.

சின்ன நீதிமன்றம். ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. நீதிபதி ஒரு வயதான பெண்மணி. அந்த ஃப்ரிட்ஜுகளை அங்கே வைத்தது யார் என்று கேட்டார்.

"நான்தாங்க வெச்சேன்," என்றார் வெர்னா.

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். யாராவது சொல்லி வைத்தாரா, யாருடைய யோசனை என்று நீதிபதி மறுபடி கேட்டார்.

"யாரும் சொல்லலங்க. நானா யோசிச்சேன், நானா இழுத்துட்டுப் போய் வெச்சேன். தப்புன்னா என்னைத்தான் கேக்கணும்."

கர்ட்டிஸ் இப்படி ஒரு பேச்சைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. துறையில் தயாராகும் வகை அல்ல, காது மடல் சுடுகிற நிஜமான வெட்கம். மடியில் லாப்டாப் இருந்தது. திறந்தார். டாலிவர் பாலம் அழகாக நின்றது. அதன்மேல் திரையின் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். ஒரு தட்டு தட்டினால் போதும்.

அந்த நேரம் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். லாப்டாப்பை மூடிவிட்டு எழுந்துபோய் சத்தியம் செய்தார். நிறுவனத்தின் மேப்பில் அந்தச் சாலை என்ன நிலையில் இருக்கிறது என்று மாவட்ட வக்கீல் கேட்டார்.

"திறந்திருப்பதாகக் காட்டப்படுகிறது," என்றார் கர்ட்டிஸ். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

வெர்னாவுக்கு ஐந்நூறு டாலர் அபராதம், நாற்பது மணி நேரம் பொதுச்சேவை. நீதிபதி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் தீர்ப்பைப் படித்தார், ஆனாலும் படித்தார். கர்ட்டிஸ் நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்து வருடாந்தரப் பொறுப்பறிக்கைக்கு ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'டாலிவர் விவகாரத்தில் பொறுப்பானவர் அடையாளம் காணப்பட்டு, உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.' நிறுவனத்தின் வரலாற்றிலேயே அப்படி ஒரு வரி எழுத முடிந்தது அதுதான் முதல் தடவை. பியர்ஸ் ஒரே நிமிடத்தில் பாராட்டு அனுப்பினார்.

வெளியே மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வெர்னா தன் வண்டியிலிருந்து இறங்கி அவரிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று கர்ட்டிஸ் கழுத்தைச் சுருக்கிக்கொண்டார்.

"சார், போறப்ப போனப் பாத்துப் போகாதீங்க. முச்சந்தில இடது பக்கம் போகச் சொல்லும். நீங்க வலது பக்கம் போயிடுங்க," என்றார் வெர்னா. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

முச்சந்திக்கு வந்ததும் போன் அப்படியேதான் சொன்னது. இடது பக்கம், டாலிவர் பாலம் வழியாக, ஒன்பது நிமிடம் மிச்சம். கர்ட்டிஸ் பிரேக்கை அழுத்தி நின்றார். பின்னால் வந்த ஒரு பிளம்பர் வேன் அவரைத் தாண்டி, சிக்னல் போட்டுக்கொண்டு, இடது பக்கம் திரும்பியது. ஓட்டியவர் முகத்தில் போன் வெளிச்சம் நீலமாக விழுந்திருந்தது.

கர்ட்டிஸின் கை ஹாரன் வரைக்கும் போனது. அவர் எதையும் யோசித்துச் செய்கிற மனிதர். யோசித்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, வலது பக்கம் திரும்பி, ஒன்பது நிமிடம் கூடுதலான வழியில் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்.